மேல்வீட்டுக்காரரின் பொங்கல் லீவு

எங்கள் ஷெட்டில் அவரை மேல்வீடு என்றுதான் சொல்வோம். அவர் இருந்தது கவரைப்பேட்டையில், ஓட்டு வீடு. மாடி கிடையாது. ஆனால் கம்பெனியில் கிரேன் ஓட்டினார். தலைக்கு மேலே தண்டவாளம், அதில் ஓடும் கிரேன், அதன் ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏணி ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். அதனால் அந்தப் பேர்.

நான் கீழே. இரும்புக் கம்பிக் கட்டுகளுக்குச் சங்கிலி மாட்டுவது என் வேலை. மாட்டிவிட்டு அவருக்குக் கை காட்டுவேன். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுற்றினால், தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால், இறக்கு. ஒரு கைக்கு மேல் இன்னொரு உள்ளங்கையைப் பிடித்தால், மெதுவாக. கையைப் பக்கவாட்டில் நீட்டி ஆட்டினால், நில். இரும்பைக் கம்பியாக்கும் உருட்டாலைச் சத்தம் அப்படி. வாயால் சொன்னால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. பல வருஷம் நாங்கள் பேசிக்கொண்டது கையால்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கிரேன் ஓட்டுகிறவர்கள் நிறைய. சரக்கு வராத நேரத்தில் பாதிப் பேர் போன் பார்ப்பார்கள். இவர் பார்க்கமாட்டார். இவருக்குப் புத்தகப் பைத்தியம். அதையும் மேலே கொண்டுபோகமாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“கொக்கிக்குக் கீழ நீ நிக்கற நைனா. அந்த நேரத்துல எம் மண்டைக்குள்ள வேற ஒர்த்தன் நிக்கலாமா?”

வேலை நாளில் வீட்டிலும் படிக்கமாட்டார். பாதியில் விட்ட கதை மறுநாள் கூண்டுக்குள் வந்து கூடவே உட்கார்ந்துகொள்ளும் என்பார். ஞாயிற்றுக்கிழமை?

“ஒரு நாள் லீவுல இன்னா படிக்கறது? கதைக்குள்ள பூந்து வெளிய வர்றதுக்குள்ள திங்கக்கெழம வந்துடும்.”

ஆகவே அவர் படித்ததெல்லாம் பொங்கல் லீவில். அப்போதுதான் உலையை அணைப்பார்கள். போகியில் தொடங்கிக் காணும் பொங்கல் வரை நாலு நாள். வருஷத்தில் அவருக்கு வாய்த்த படிப்பு அவ்வளவுதான். அந்த நாலு நாளுக்கு அவர் ஆடி மாதமே புத்தகம் தேடக் கிளம்பிவிடுவார்.

தேடுவது பெரும்பாலும் பழைய பேப்பர் கடையில். கவரைப்பேட்டை ரோட்டோரம் ஒன்று இருக்கிறது. பேப்பர், அட்டை, பால் கவர் எல்லாம் மலையாகக் கிடக்கும். மலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டுவார். கடைக்காரர் தராசை விட்டு எழுந்திருக்கமாட்டார். வாய் மட்டும் வேலை செய்யும்.

“இன்னா மேல்வீடு, பொண்ணு பாக்க வந்துகீறியா? புடிச்சிருந்தா சொல்லு, புடிக்கலன்னா எழுந்து போ. ரெண்டுக்கும் நடுவுல இன்னா முழிக்கற?”

“பொண்ணு பாக்கறதுன்னா ஒரே பார்வைல முடிச்சிடலாம். இது நாலு நாள் நம்ம கூடப் பேசினு இருக்கணும்பா.”

முதல் பக்கத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை. பின்னட்டையையும் பார்க்கமாட்டார். நடுவில் பிரிப்பார். நின்றபடி ஒரு பக்கம். அவ்வளவுதான்.

“மொதப் பக்கம் மாப்ள மாரி. ஜோடிச்சிக்கினு வருவான். நடுவுலதான் உண்மையான மூஞ்சி கீது.”

பிடித்திருந்தால் வீட்டுக்கு எடுத்துப்போய், கம்பிக்குத் துருப்பிடிக்காமல் சுற்றும் பழுப்புத் தாளை அட்டையாகப் போடுவார். பரணில் வைப்பார். பொங்கல் வரை தொடமாட்டார். எந்த நாளுக்கு எது என்றும் முன்னாலேயே பிரித்துவிடுவார். போகிக்குக் கனமில்லாதது. அன்றைக்கு வீடு கழுவுவார்கள், நாலு தரம் எழுப்புவார்கள். பொங்கலன்று சாப்பாடு வருகிற கதை. மாட்டுப் பொங்கலுக்குப் பெரிய நாவல். ஊரே மாட்டுக்குப் பின்னால் ஓடும், வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள்.

“காணும் பொங்கலுக்கு?”

“சின்னச் சின்னக் கதைங்க. சொந்தக்காரன் வந்து நின்னா டக்குனு மூடிடலாம் பாரு.”

பாக்டரிக் கதை மட்டும் எடுக்கமாட்டார். அதைத்தான் தினமும் மேலேயிருந்து பார்க்கிறேனே என்பார்.

இன்னொரு வழியிலும் அவருக்குப் புத்தகம் வரும். போகிக்கு முந்தின சாயங்காலம் ஒரு கோணிப்பையை எடுத்துக்கொண்டு அவர் தெருவில் இறங்குவார். கொளுத்துவதற்கு வாசலில் குவித்து வைத்திருப்பார்கள். பாய், துடைப்பம், கிழிந்த தலையணை. ஒவ்வொரு வாசலிலும் நிற்பார்.

“எரிக்கறதுல எழுத்து எதுனா இருந்தா குடும்மா.”

“தோ, போகிப் பிச்சைக்காரரு வந்துட்டாருடி,” என்று உள்ளே பார்த்துக் கத்துவார்கள். சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். கிடைப்பது பழைய டைரி, பத்தாவது கைடு, கேஸ் புக். எப்போதாவது ஒரு கதைப் புத்தகம் இருக்கும். அதற்காக அத்தனை வாசலிலும் நிற்பார்.

ஒரு வருஷம் ஒரு வீட்டில் அவர் வந்துபோன பிறகு இன்னும் கொஞ்சம் சேர்த்து, விடியுமுன்பே கொளுத்திவிட்டார்கள். இவர் பல் விளக்க வாசலுக்கு வந்தவர் பார்த்திருக்கிறார். நெருப்பில் ஒரு புத்தகம். கையை விட்டு இழுத்துவிட்டார். பொங்கல் முடிந்து வேலைக்கு வந்தபோது மூன்று விரலில் கொப்புளம்.

“பேஜாரு புடிச்ச ஆளு ணா நீ. அப்பிடி இன்னா புத்தகம் அது?”

“தெரியாது. அட்டை இல்ல. பேரு இல்ல. மூலை எரிஞ்சி போச்சி.”

“படிச்சியா?”

“இந்த வருசத்துக்கு வேற எடுத்து வெச்சாச்சே. வரிசையில வரட்டும்.”

கையைச் சுட்டுக்கொண்டு எடுத்த புத்தகத்தையும் வரிசையில் நிற்க வைத்தவர் அவர்.

ஒருமுறை நான் கேலியாகக் கேட்டேன், எனக்கு ஒன்று எடுத்துக்கொடேன் என்று. நான் படித்தது அஞ்சாவது வரை. பஸ் போர்டு படிப்பேன். கிரேன் மேல் எத்தனை டன் என்று எழுதியிருப்பதைப் படிப்பேன். அதற்கு மேல் தேவைப்படவில்லை. அவர் சிரிக்கவில்லை.

“சங்கிலியப் பாத்துத்தான் சரக்கு மாட்டணும். உனுக்கு இன்னா தாங்கும்னு பாக்கறேன்,” என்றார். அதை நான் மறந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு ஐப்பசி. மழை நாள். நான் கை காட்டிய இடத்துக்குக் கொக்கி வரவில்லை. ஒரு சாண் தள்ளி நின்றது. அவரிடம் அது நடக்காத காரியம். மறுநாளும் அப்படியே. அன்றைக்குச் சரக்கைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே ஏணியில் இறங்கினார். நேராக என்னிடம் வந்தார்.

“நைனா, கையில இன்னா கிளவுஸ் போட்டுகீற?”

“மஞ்ச ணா. எப்பவும் போடறதுதான்.”

“எனக்கு உங்கையே தெரியல. பஞ்சு மாரி ஏதோ ஆடுது.”

சொல்லிவிட்டு அவராகவே சூப்பர்வைசரிடம் போனார். நானும் பின்னால் போனேன். மறைத்திருக்கலாம். மறைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர் அதை யோசித்ததாகவே தெரியவில்லை.

“படிச்சிப் படிச்சிக் கண்ண கெடுத்துக்கினீங்களா?” என்றார் சூப்பர்வைசர். கெட்ட மனுஷன் இல்லை. வாய் அப்படி. “ஆபரேஷன் பண்ணிக்கினு வாங்க. மாசியில கண் டெஸ்ட் வெப்பாங்க. பாஸ் பண்ணா மேல. இல்லாங்காட்டி கேட்டுல உக்காருங்க. வர்ற வண்டி நம்பர எழுதினு இருக்கலாம்.”

“அந்த நம்பராவது தெரியணும் சார்,” என்றார் இவர்.

இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண், மூணு வாரம் கழித்து இடது. ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்தது போகிக்கு முன்னால். அப்போதுதான் லீவும் சேர்ந்து வரும். புகை ஆகாது, தூசி ஆகாது, முகத்தில் தண்ணீர் படக்கூடாது. தான் சொல்லும்வரை படிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மார்கழி முடிகிற சமயம். ஷிப்ட் விட்டு இரண்டு பேரும் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்கு உட்கார்ந்திருந்தோம். எதிர் பிளாட்பாரத்தில் கரும்புக் கட்டோடு ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“வருசம் பூரா தூக்கினு வந்த சரக்கு. எறக்கற எடத்துல கரண்ட் போச்சி,” என்றார்.

“அட்த்த பொங்கலுக்குப் படிச்சிக்கலாம் ணா.”

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

“கேட்டுல உக்கார்றதுக்கு நான் பயப்படல நைனா. ஆபரேஷனுக்கும் பயமில்ல. கட்ட அவுத்துட்டு ஒரு புத்தகத்த எடுத்துப் பிரிக்கறேன்னு வெய்யி. வெள்ளையா இருந்தா?”

ரயில் வந்தது. ஏறும்போது கேட்டார்.

“லீவுல உனுக்கு இன்னா வேலை?”

“அறுப்பு ணா. மிஷின் வருது. காலைலயே முடிஞ்சிடும்.”

“மத்தியானம்?”

“சும்மாதான்.”

“வந்து எனக்குப் படிச்சிக் காட்டறியா?”

நான் சிரித்துவிட்டேன். “ணா, எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். உம் பொண்ணுகிட்ட சொல்லு. அண்ணிய படிக்கச் சொல்லு.”

அண்ணி, அவர் மனைவி, ஆந்திரப் பக்கம் சூளூர்ப்பேட்டைக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். படிக்கத் தெரிந்தது தெலுங்கு மட்டும். மகள் ஒரகடம் பக்கம் வேலை செய்கிறாள். போனில் கதை சொல்லும் குரல் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

“நல்லாத்தான் சொல்லுது,” என்றார். “கை காட்டினா நிக்க மாட்டேங்குது.”

பொங்கலன்று மத்தியானம் போனேன். தெருவில் போகிக் கரி இன்னும் கிடந்தது. அண்ணி ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைத்திருந்தார். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த எரிந்த புத்தகம்.

“இந்த வருசத்துக்குத் தடியா ஒண்ணு எடுத்து வெச்சிருந்தேன். அது வேணாம். இதுல எழுத்து பெர்சு. வரி சின்னது. உனுக்கு மூச்சு வாங்காது.”

“சின்னச் சங்கிலின்றியா என்னை?”

“அறுந்து போவாத சங்கிலின்றேன். படி.”

படித்தேன். அதைப் படிப்பு என்று சொல்லக்கூடாது. ப, ட, கு, க், கா, ரி. சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, ஒண்ணாங்கிளாசுல புதுசா சேந்துகீறியா?”

எனக்கு வியர்த்தது. நூறு கிலோ சங்கிலியை இழுத்தாலும் அப்படி வியர்க்காது. வேகமாகப் படித்தால் முடிந்துவிடும் என்று வார்த்தைகளை விழுங்கினேன். அப்போது அவர் கையைத் தூக்கினார். ஒரு கைக்கு மேல் இன்னொரு உள்ளங்கை. மெதுவாக.

மெதுவாக்கினேன். அவர் விரலைக் கீழே நீட்டிச் சுற்றினார். இறக்கு. ஒவ்வொரு வார்த்தையாக இறக்கினேன். கை பக்கவாட்டில் நீண்டது. நின்றேன். அவர் அந்த வரியை வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். மறுபடி விரல் சுற்றியது.

இத்தனை வருஷம் நான் கை காட்டினேன், அவர் தூக்கினார். இப்போது அவர் காட்டினார். சரக்கு என் வாயில் இருந்தது. அதற்கப்புறம் எனக்குப் பயம் இல்லை. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

ஒரு ஆற்றில் படகு தள்ளுகிற பொம்பளையின் கதை அது. புருஷன் இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுகிறார்கள். பாலம் வந்தால் படகுக்கு யார் வருவார்கள்? அவள் தினமும் படகைத் தள்ளுகிறாள். தூண் ஒவ்வொன்றாக எழும்புகிறது.

புத்தகத்தின் கீழ்மூலை எரிந்திருந்ததால் ஒரு பக்கத்தில் கடைசி வரியின் முடிவு இருக்காது. திருப்பினால், அந்தப் பக்கத்தில் கடைசி வரியின் தொடக்கம் இருக்காது. நான் அங்கே வந்து நிற்பேன். “எரிஞ்சிகீது ணா” என்பேன். அவர் கண்ணாடிக்குள் யோசிப்பார். ஒரு வார்த்தை சொல்வார். அது சரியாகப் பொருந்தும். அல்லது பொருந்தியதாக எனக்குத் தோன்றும்.

மாட்டுப் பொங்கலன்று படகுக்காரியின் மகன் கேட்கிற இடம் வந்தது. பாலம் வந்தால் நம் படகு என்ன ஆகும் அம்மா என்று கேட்கிறான். அவள் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு. அதோடு எரிந்துவிட்டது. அவர் யோசிக்கத் தொடங்கினார். எனக்குள் அந்த வார்த்தை வந்து நின்றது.

“துடைத்தாள்,” என்றேன்.

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். கறுப்புக் கண்ணாடியில் நான் தெரிந்தேன்.

“எழுதிகீதா?”

“இல்ல ணா. நானா சொன்னேன். வேலை இல்லாத நாள்ல நான் சங்கிலிய தொடச்சி வெப்பேன் பாரு. அதான்.”

அவர் சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுற்றினார். தூக்கு. அண்ணி காபி கொண்டுவந்தார், அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. கதவோரம் உட்கார்ந்து அவரும் கேட்டார்.

காணும் பொங்கலன்று முடித்துவிடலாம் என்று போனேன். மகள், மருமகன், அவர்கள் வீட்டு ஆட்கள் என்று வீடு நிறைந்திருந்தது. அவரைச் சுற்றி நின்று கண்ணைப் பற்றி ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒரு வரி படிக்க முடியவில்லை. சாயங்காலம் நான் எழுந்தேன்.

“சின்னக் கதைங்க எடுத்திருக்கணும்,” என்றார். “நாளைக்கு உனுக்கு டூட்டி. எடுத்துக்கினு போ. நீயே முடி.”

“நீ ணா?”

“நான் எங்கண்ணால படிச்சிக்கறேன். முடிவ சொல்லிடாத.”

வீட்டில் வேலை முடிந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். என் சம்சாரம் ஒருநாள் பார்த்துவிட்டாள்.

“யார்கிட்ட பேசினுகீற? கைய ஏன் அப்பிடி ஆட்டற?”

எனக்கே தெரியாமல் என் கை ‘மெதுவாக’ காட்டிக்கொண்டிருந்தது.

பாலம் திறந்துவிட்டார்கள். எல்லோரும் பாலத்தில் போனார்கள். அவள் படகிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. அப்புறம் ஒரு காலை, ஆறு முழுக்கப் பனி. எதிர்க்கரையிலிருந்து ஒரு குரல் படகைக் கூப்பிட்டது. அவள் எழுந்து நின்றாள். யாரு என்று கேட்டாள். பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. அந்தப் பதில்தான் புத்தகத்தின் கடைசி வார்த்தை. அது மூலையில் எரிந்துபோயிருந்தது.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் வெள்ளை. அவருக்குப் போன் போட்டேன்.

“முடிச்சிட்டேன் ணா.”

“பலே. சொல்லாத.”

“சொல்லவே முடியாது. கடைசி வார்த்தை நெருப்புல போச்சி.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஐப்பசிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

“அப்ப நீ ஒண்ண போட்டு வெச்சிக்க. நான் படிக்கறப்ப நான் ஒண்ண போட்டுக்கறேன். சரியா வருதான்னு அப்பால பாக்கலாம்.”

நான் ஒன்றைப் போட்டு வைத்தேன். புத்தகத்தை அண்ணியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது அவர் ரிட்டையர் ஆகி மகளோடு இருக்கிறார். இந்த ஆடியில் நான் பேப்பர் கடைக்குப் போனேன். கடைக்காரர் தராசுக்கு மேலிருந்து என்னைப் பார்த்தார். “உன்னையுமா புடிச்சிக்கிச்சி?” என்றார். நான் ஒன்றை எடுத்து நடுவில் பிரித்தேன். பரணில் இருக்கிறது. பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவர் சொன்னதுபோல் வரிசையில் வரட்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மாசியைத்தான். அவர் இல்லாதபோது கிரேனுக்கு வேறு ஆள் போட்டிருந்தார்கள். ஓட்டுவார், குற்றம் சொல்ல முடியாது. நான்தான் கொக்கி இறங்கும்போது ஒரு அடி பின்னால் நின்றேன். கண் டெஸ்ட் எப்போது, முடிந்ததா, ஒன்றும் தெரியவில்லை. அண்ணிக்குப் போன் போட்டால் “ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு” என்று வைத்துவிட்டார்.

ஒரு காலை நான் குனிந்து கம்பிக் கட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். உருட்டாலை ஓடத் தொடங்கியிருந்தது. மேலே ஏணிக் கதவு அசைந்தது மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். கூரைத் தகட்டு ஓட்டை வழியாக வெயில் கண்ணாடிக் கூண்டில் அடித்தது. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. யாரென்று தெரியவில்லை. நான் உள்ளங்கையை விரித்துத் திருப்பிக் காட்டினேன்.

யாரு?

கூண்டின் ஜன்னல் நகர்ந்தது. ஒரு தலையும் கையும் வெளியே வந்தன. அந்தக் கை மார்பில் இரண்டு முறை தட்டியது.

நான்தான்.

அந்த எரிந்த மூலையில் நான் போட்டு வைத்திருந்த வார்த்தையும் அதுதான். அவருக்குப் பின்னால் ஜன்னலோரம் எப்போதும்போல் புத்தகம் எதுவும் இல்லை. சுட்டுவிரலைக் கீழே நீட்டிச் சுற்றினேன். கொக்கி இறங்கியது. நான் பின்னால் நகரவில்லை. அது நேராக என் கைக்கு வந்து நின்றது.